இடது காலின் மதிப்பெண் குறித்து ஒரு மேல்முறையீடு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னைப் பொறுத்தவரை 'நலம்' என்ற சொல்லை இனிமேல் பயன்படுத்த எனக்கு உரிமை உண்டா என்பது சந்தேகம்தான். மருத்துவமனையில் என்னை மதிப்பிட்ட பிசியோதெரபிஸ்ட் பெண் அந்தச் சொல்லுக்கு நேரே எதையும் டிக் செய்யவில்லை. ஆகவே, கடித வழக்கத்துக்காக எழுதியதாக எடுத்துக்கொள்ளவும்.

நேற்று நீ போனில் சொன்னாய்: "ரிப்போர்ட்டைப் பாத்துட்டேன்பா. ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இனிமே அதெல்லாம் சரிப்பட்டு வராது. வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க." நான் "சரிப்பா" என்றேன். என்னிடம் யார் எதைச் சொன்னாலும் முதலில் வருவது அந்த ஒரு சொல்தான் என்பது நீ அறிந்ததே. மறுத்துப் பேச எனக்கு நாக்கு எழாது, பேனாதான் எழும். அதனால் நேற்று சொன்ன 'சரி'க்கு இன்று எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்கிறேன்.

பக்கவாதம் வந்து நான் வீடு திரும்பிய நாளில் நீ போட்ட நிபந்தனை நியாயமானதுதான். ஆறாவது மாதம் மதிப்பீடு நடக்கும், அதில் தேறினால் நாங்கள் இங்கேயே இருக்கலாம், தேறாவிட்டால் உன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நானும் ஒப்புக்கொண்டேன். வேலைக்காலம் முழுவதும் கடை கடையாகப் போய்த் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை வைத்தவன், தன்னையே ஒருநாள் தட்டில் ஏற்றும்போது முகம் சுளிப்பது அழகல்ல. ஆனால் தேர்வு என்று ஒன்று வைத்துவிட்டு, அதற்குப் படித்துவிட்டுப் போவது குற்றம் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதல் மாதம் நடந்த மதிப்பீட்டில் என்னென்ன கேட்டார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும். அங்கே இருந்த நாற்காலி நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலியைவிடச் சற்றுத் தாழ்வானது. உயரமான நாற்காலியில் பழகிவிட்டுத் தாழ்வான நாற்காலியில் தேர்வு எழுதினால் என்ன கதியாகும்? எனவே அடுத்த முறை சிகிச்சைக்குப் போனபோது டேப்பைச் சட்டைப்பையில் கொண்டுபோய், யாரும் பார்க்காதபோது அளந்து வந்து, தச்சரை அழைத்தேன். அவர் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கிற நாற்காலி. எதுக்குங்கய்யா காலை வெட்டணும்?" என்றார். "பரீட்சைக்கு" என்றேன். அவர் உன் அம்மாவைப் பார்த்தார். "கேக்காதீங்க, வெட்டிட்டுப் போங்க" என்றாள் அவள். அன்று மாலை, எது வெட்டிய நாற்காலி என்பதை மறந்து அவள் அதில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முழங்கால்தான் உனக்குத் தெரியுமே. "இப்ப என்னை யாரு எழுப்புறது?" என்று கேட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் வலது கையால் இழுக்க, அவள் என் இடது பக்கம் சாயாமல் தாங்க, கடைசியில் இருவரும் நின்றோம். யார் யாரை எழுப்பினோம் என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது.

அதன்பின் தினமும் அந்தக் குட்டை நாற்காலியில் எழுந்து எழுந்து உட்கார்ந்து நான் அதில் நிபுணனாகிவிட்டேன். மதிப்பீட்டு நாளன்று போனால், பழைய நாற்காலியைக் காணோம். யாரோ புண்ணியவான் நன்கொடையாகக் கொடுத்த புது நாற்காலி, மெத்தை வைத்தது, உயரமாக நிற்கிறது. நான் குட்டை நாற்காலிக்குப் பழக்கிய விசையோடு எழுந்தேன். எழுந்த வேகம் அங்கே நிற்கவில்லை. எதிரில் ஸ்டாப்வாட்சோடு நின்ற அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். "பரவாயில்லப்பா, மெதுவா" என்றாள். வாய் பரவாயில்லை என்றது. கை 'எழுந்தவுடன் நிலை தடுமாறுகிறார்' என்று எழுதியது. அந்தப் பெண் எல்லா நோயாளிகளையும் அப்பா, அம்மா என்றுதான் அழைக்கிறாள். ஒரு மணி நேரத்தில் அவள் என்னை அப்பா என்று கூப்பிட்ட அளவுக்கு நீ இந்த வருடம் கூப்பிட்டிருப்பாயா என்பது தெரியவில்லை. அது வேறு விஷயம்.

அடுத்தது நடை. சும்மா நடந்தால் அவர்களுக்குத் திருப்தி இல்லை. "நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே நடங்கப்பா" என்றாள். தொண்ணூற்று மூன்றை நடந்துகொண்டே சொன்னேன். அடுத்த கழித்தலுக்கு நின்றேன். "ஏன்பா நின்னுட்டீங்க?" "கழிக்கிறேம்மா." "நடந்துக்கிட்டே கழிக்கணும்பா." "நடந்தா விடை தப்பாயிடும்." "தப்பானா பரவாயில்லப்பா, நிக்காதீங்க." கணக்குத் தவறலாம், கால் நிற்கக் கூடாது என்று சொல்லும் ஓர் அலுவலகத்தை நான் இந்த வயதில்தான் பார்க்கிறேன். கடைக்காரர் யாராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அன்றே நோட்டீஸ் கொடுத்திருப்பேன். அதாவது, கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கொடுத்திருப்பேன். அங்கே இருந்த உன் அம்மா எனக்கு உதவுவதாக நினைத்து வாயைத் திறந்தாள்: "இவரு எப்பவுமே அப்படித்தாம்மா. ரோட்டுல பேச்சுக் குடுத்தா நின்னுடுவாரு. இவரோட கடைக்குப் போனா, நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஷட்டரை இறக்கிடுவாங்க." அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, 'பேசும்போது நடை நின்றுவிடுகிறது, விழும் அபாயம்' என்று எழுதினாள்.

இதற்கு நடுவே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நடை தொடங்கும் இடத்தில் தரையில் ஒட்டியிருந்த பட்டை ஓர் ஓரம் பெயர்ந்து கோணலாகக் கிடந்தது. கோணலான கோட்டிலிருந்து தூரத்தை அளப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. குனிந்து, அதை நேராக்கி, அழுத்தி ஒட்டிவிட்டு, எதையும் பிடிக்காமல் நிமிர்ந்தேன். அந்த நேரத்தில் அவள் போனில் ஸ்டாப்வாட்சைத் தேடிக்கொண்டிருந்தாள்; அம்மா கைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தரையிலிருந்து ஒரு பொருளை எடுக்கும் சோதனை என்று ஒரு செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்கள். யாருடைய செருப்பு என்று கேட்டேன். "யாரோடதா இருந்தா என்னப்பா, எடுங்க" என்றாள். பிறருடைய பொருளைக் கேட்காமல் தொட்டுப் பழக்கமில்லாததால் சற்றுத் தயங்கினேன். தயக்கத்துக்கு அங்கே பெயர் 'மேற்பார்வை தேவை'.

உடம்பைச் சோதித்தது போதாதென்று நம்பிக்கையையும் சோதித்தார்கள். ஒவ்வொரு வேலையையும் விழாமல் செய்ய முடியும் என்று எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று ஒரு பட்டியல். நம்பிக்கை என்ற விஷயத்தில் என் நிலைமை உனக்குத் தெரியாததல்ல. பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறவன் நான். "நாற்காலி மேல ஏறிப் பரண்ல இருக்கிற பொருளை எடுக்கிறதுக்கு எவ்ளோ போடலாம்பா?" "பத்து." "பத்துதானா? சரி, பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடி?" "அப்பவும் பத்துதான்." அம்மா குறுக்கிட்டாள்: "அதுவே ஜாஸ்திம்மா. கல்யாணம் ஆனதிலேர்ந்து பரண்ல நான்தான் ஏறுறேன். இவரு கீழ நின்னு ஜாக்கிரதை, ஜாக்கிரதைம்பாரு."

பிறகு, வீட்டில் நான் என்னென்ன செய்கிறேன் என்பதைக் குடும்பத்தார் வாயால் கேட்கும் பகுதி. குடும்பத்தார் என்றால் உன் அம்மா. சமைப்பாரா? "மாட்டாரு." துணி துவைப்பாரா, மடிப்பாரா? "தொட மாட்டாரு." பேங்குக்குப் போவாரா? "நான் கூடப் போகணும்." எல்லாம் உண்மை. ஆனால் இவற்றில் ஒன்றையும் பக்கவாதம் என்னிடமிருந்து பறிக்கவில்லை. என்னிடம் இருந்தால்தானே பறிக்க. "முன்னாடி எப்படி இருந்தாருன்னு போட ஒரு கட்டம் இல்லையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். "இல்லப்பா, இப்ப எப்படின்னுதான் கேக்குறாங்க" என்றாள். வெறும் தட்டு எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் சரக்கை ஏற்றி எடை போட்டால் அது என்ன எடை? என் காலத்தில் அந்தத் தராசைப் பறிமுதல் செய்திருப்போம். இங்கே அதற்கு ரிப்போர்ட் கொடுத்து மின்னஞ்சலில் மகனுக்கும் அனுப்புகிறார்கள். ஆயுள் முழுக்க நான் சேர்த்துவைத்த சோம்பலும் பயமும் மொத்தமாக என் மூளை நரம்பின் கணக்கில் ஏறிவிட்டன. எல்லைக்கோட்டுக்குச் சற்றே கீழே நின்றுவிட்டேன்.

அந்தப் பெண்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குச் சாமான் போல வந்து இறங்கிய என் இடது காலைத் திரும்பவும் கால் ஆக்கியவள் அவள்தான். அவள் சொல்வதே சரியாக இருக்குமோ என்று எனக்கும் அடிக்கடி தோன்றுகிறது. ஆனால் அவள் அளந்தது அந்த அறையை; நான் வாழ்வது இந்த வீட்டில். இங்கே இருட்டிலும் சுவிட்ச் எங்கே என்று கை அறியும். உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டீர்கள் என்பது தெரியும். இருந்தாலும், போன தடவை வந்தபோது மின்விசிறியைப் போடுவதற்கு முன்பு கூடத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தேன். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நல்ல பெண். எனக்குத்தான் அங்கே விருந்தாளிபோல முதுகை நேராக வைத்துக்கொண்டே உட்கார வேண்டியிருந்தது. கொஞ்சம் கூனிக்கொண்டு உட்கார எனக்கு ஓர் இடம் வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஆகவே அந்த ரிப்போர்ட்டில் இல்லாதவற்றை இங்கே எழுதுகிறேன். தேநீர் நானே போட்டுக்கொள்வேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் பால் வாங்கி வருவேன். மாத்திரைகளைக் காலை, இரவு என்று பிரித்துவைப்பேன். இரவு அடுப்பையும் கதவையும் சரிபார்ப்பவன் நான்தான், அதுவும் இரண்டு முறை. உண்மையைச் சொல்வதானால், உன் அம்மா இல்லாவிட்டாலும் இரண்டு மாதம் தாராளமாக ஓட்டிவிடுவேன். இந்த ஆறு மாதம் உட்கார்ந்த இடத்திலிருந்து கவனித்ததில், அவள் செய்யும் வேலைகளில் பாதி அவசியமில்லாதவை என்பதும் எனக்குப் புலப்பட்டிருக்கிறது. எனவே எங்களை இங்கேயே விட்டுவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மருமகளுக்கு என் அன்பு; பேத்திக்கு முத்தம். நீங்கள் மூவரும் நிமிர்ந்த முதுகோடும் நேரான நடையோடும், யாருடைய ஸ்டாப்வாட்சுக்கும் அகப்படாமல் நீண்ட காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்ட இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அம்மாவிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன்பு படித்துவிட்டாள். "ரெண்டு மாசம் தாராளமா ஓட்டிடுவீங்களா?" என்று கேட்டாள். "ஒரு பேச்சுக்கு எழுதினேன்" என்றேன். "நீங்க எதையும் பேச்சுக்கு எழுத மாட்டீங்க. எனக்கும் பேத்தியைப் பாக்கணும்போல இருக்கு. நான் மட்டும் போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றேன்" என்றாள். நான் "சரி" என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே அந்தத் தெரபிஸ்ட் பெண்ணுக்குப் போன் செய்து கேட்டாள். வேளைக்கு ஒரு தரம் யாராவது வந்து எட்டிப் பார்த்தால் போதும், தனியாக இருந்து பழகுவதும் அப்பாவுக்கு நல்ல பயிற்சிதான் என்று அவளும் சொல்லிவிட்டாளாம். இப்போது உள்ளே பெட்டி அடுக்கும் சத்தம் கேட்கிறது. ஒரே ஒரு பெட்டி. ரிப்போர்ட்டை மறுபடி நிதானமாகப் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. சொல்லப்போனால், சில இடங்களில் அந்தப் பெண் எனக்குத் தாராளமாகவே போட்டிருக்கிறாள். அம்மா உனக்குப் போன் செய்து ஒரு டிக்கெட் போடச் சொல்வாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டாகப் போடவும்.