ஸ்டெல்லாவின் பாட்டும் என் வால்வுப் பெட்டியும்

நன்றாக ஓடுகிற எதையும் நான் சும்மா விடமாட்டேன். அது ஒரு வியாதி. மிக்ஸி ஓடினால் கழற்றி இன்னும் நன்றாக ஓடவைப்பேன். அதற்குப் பிறகு அது ஓடாது. (எங்கள் வீட்டுச் சட்னி இப்போது பக்கத்து வீட்டில்தான் அரைபடுகிறது.)

வியாதி முற்றியபோது கட்டியதுதான் வால்வு ப்ரீஆம்ப். மைக்கில் வரும் சன்னமான ஒலியைப் பெரிதாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற பெட்டி. கடையில் கைக்கடக்கமாகவே கிடைக்கும். ஆனால், பழைய ரேடியோவில் சிவப்பாக எரியுமே கண்ணாடி வால்வு, அதைப் போட்டுக் கட்டினால் குரல் தேனாக ஒழுகும் என்று யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணீர் மல்கச் சொன்னார். நம்பிவிட்டேன். பம்ப் கம்பெனியில் மோட்டார் கட்டுகிறவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்ற திமிர் வேறு.

கட்டி முடித்ததும் பெட்டி 'உம்ம்ம்' என்று எருமை மாதிரி உறுமியது. எர்த் வயரை மாற்றினேன். டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்தேன். ஒரு வழியாக உறுமல் அடங்கியது. அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் மனைவி ஸ்டெல்லா, போத்தனூரில் எங்கள் பங்குக் கோயில் (சர்ச்) பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடுகிறாள். எப்போதும் பின்வரிசை. தனிப்பாட்டெல்லாம் ஒரு டீச்சருக்குத்தான். அந்த வருஷக் கோயில் திருவிழாவுக்கு டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, பூசையில் காணிக்கை கொண்டுவரும்போது பாடுகிற பாட்டு ஸ்டெல்லாவுக்கு வந்தது. வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் அதே பாட்டு, துணி காயப்போடும்போதும் அதே பாட்டு. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

"அம்மணி, நம்ம பெட்டியிலதான் நீ பாடோணும்" என்றேன்.

"ஏனுங்க, கோயில் மைக்கு நல்லாத்தானுங்க இருக்குது. உங்க பெட்டிய ஊட்டுலயே வெச்சுக்குங்க."

"ஒண்ணும் ஆவாது கண்ணு. நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

"அதுதானுங்க பயமே."

கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சம்மதிக்க வைத்தேன். திருவிழாவுக்கு முதல் நாள் கை அரித்தது. இன்னும் பலமான வால்வு ஒன்றைப் போட்டால் என்ன? பழைய சாமான் கடையில் வாங்கியது இருந்தது. போட்டேன். இப்படிப்பட்ட பழைய வால்வுகள் சிலவற்றில் உள்ளே இருப்பதெல்லாம் ஆடிப்போயிருக்கும். விரல் பட்டால்கூட அந்தத் தட்டலையும் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். பென்சிலால் தட்டிச் சோதித்துவிட்டுத்தான் மூட வேண்டும். எனக்கு இது தெரியும். ஆனால் பசி. சாப்பிடப் போய்விட்டேன்.

திருவிழாப் பூசை. கோயில் நிறைந்த கூட்டம். நான் தூணுக்குப் பின்னால், ஸ்டூலில் பெட்டியோடு. ஸ்டெல்லா பாட ஆரம்பித்தாள். ஆஹா, தேன்தான்! பல்லவி முடிந்து சரணத்தில் ஏறும்போது பெட்டி 'கர்ர்ர்' என்றது. மூடியைத் திறந்து பென்சிலை எடுத்தேன். முதல் வால்வைத் தட்டினேன், சத்தமில்லை. அடுத்தது, புதிதாகப் போட்டது.

'டிங்ங்ங்!'

கோயிலின் எல்லா ஸ்பீக்கரிலும். அசல் பூசை மணி.

பூசையின் நடுவே மணி அடித்தால் முழங்காலில் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். முதலில் முட்டி மடங்கும், யோசனை பிறகுதான். அதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. முன்வரிசை சடாரென்று முழங்கால் போட, பின்னாலிருந்த மொத்தக் கூட்டமும் போட்டது. காணிக்கையாக வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்தவர், தாரோடு நட்டநடுப் பாதையில் மண்டியிட்டார்.

நான் இதையெல்லாம் பார்த்தேனா? தலையைப் பெட்டிக்குள் விட்டிருந்தேன். உறுதி செய்துகொள்ள இன்னொரு தட்டு. 'டிங்ங்ங்!' எல்லாத் தலைகளும் குனிந்தன. மணி அடிக்க வேண்டிய கோயில்பிள்ளை, தன் கையிலிருந்த மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நமக்கெதுக்கு வம்பு என்று அவரும் ஒருமுறை அடித்து வைத்தார்.

சரணத்தின் உச்சியில் ஸ்டெல்லாவின் பாட்டு நின்றது.

"எல்லாரும் உக்காருங்க. இன்னும் நேரம் வரலைங்க" என்றார் ஃபாதர். அப்போதுதான் நிமிர்ந்தேன். கோயிலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கையில் பென்சில்.

வண்டியில் வீடு திரும்பும்போது அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஒரே ஒரு பாட்டுங்க. அதையுங் கெடுத்துப்போட்டீங்க" என்றாள், அவ்வளவுதான். எனக்கு உயிரே போய்விட்டது.

மறுநாள் ஃபாதரிடம் ஓடினேன். "தப்பு என்னுதுங்க ஃபாதர். அவளுக்கு இன்னொரு பாட்டுக் குடுங்க."

சிரித்து அடங்க அவருக்கு நேரமானது. "கிறிஸ்துமசுக்குக் குடுத்தறலாமுங்க. ஆனா நீங்க கடைசி பெஞ்சு. ஒரு சாமானும் கொண்டாரப்படாது."

கிறிஸ்துமஸில் அவள் கோயில் மைக்கிலேயே பாடினாள். சொல்லவே வயிறு எரிகிறது, என் பெட்டியில் பாடியதைவிட நன்றாகவே இருந்தது. இப்போது தனிப்பாட்டெல்லாம் அவளுக்குத்தான். தொண்டை சரியான டீச்சரே சொல்லிவிட்டார்.

எனக்கு மட்டும் கடைசி பெஞ்சு நிரந்தரமாகிவிட்டது. நடுப்பூசையில் மணி அடித்தால் இன்றும் யாரும் உடனே முழங்கால் போடுவதில்லை. பாடகர் குழுவிலிருந்து ஸ்டெல்லா உட்பட எல்லாரும் முதலில் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் வெறுங்கை இரண்டையும் தூக்கிக் காட்டுகிறேன். அதற்குப் பிறகுதான் போத்தனூர் முழங்கால் போடுகிறது.