மாத்திரையிலிருந்து மெர்டேக்கா

மலாயா நாடு 'மெர்டேக்கா' என்று முழங்கிச் சுதந்திரம் அடைந்த மறுவாரமே நானும் சுதந்திரம் அடைவதென்று முடிவு செய்தேன். வெள்ளைக்காரனிடமிருந்து அல்ல, ஒரு வெள்ளை மாத்திரையிடமிருந்து.

மூட்டு வாதத்துக்காக டாக்டர் சேதுராமன் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை அது. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கட்டிலில் கிடந்த என்னை எழுப்பி நடமாட விட்டது அதுதான். ஆனால் கூடவே என் முகத்தையும் பூரி மாதிரி உப்ப வைத்துவிட்டது. பசியோ அகோரப் பசி. எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், "என்ன கருணாகரன், பென்ஷன் நல்லா ஒட்டுது போல" என்று கேட்டார்கள். ஒட்டிய கன்னத்தோடு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துச் சேர்த்த மரியாதையெல்லாம் போயிற்று.

டாக்டரிடம் முறையிட்டேன். "குறைக்கலாம்" என்றார். "ஆனா கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்கில. இந்தச் சரக்கை உங்க உடம்பே முன்னே தயார் பண்ணிக்கிட்டிருந்தது. மாத்திரை வந்ததும் அது தூங்கிப்போச்சு. வயசான உடம்பு, மெதுவாத்தான் முழிக்கும். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து."

வீட்டுக்கு வந்ததும் முழங்கினேன்.

"சாரதா, நாளையிலிருந்து மாத்திரை கிடையாது."

"டாக்டர் மெதுவாங்கிறாரே."

"மெதுவாக் கொடுக்கிறதுக்குப் பேரு சுதந்திரமா?"

"நாட்டுக்கே அப்படித்தானேங்க கொடுத்தாங்க. மொதல்ல முனிசிபல் எலெக்ஷன், அப்புறம் பெரிய எலெக்ஷன், அதுக்கப்புறம்தானே கொடி ஏத்தினாங்க."

அரசியல் தெரிந்த மனைவியோடு குடும்பம் நடத்துவது கஷ்டம். "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, என் இஷ்டப்படி செய்தேன். சாரதாம்பாள் காலையில் கொடுக்கும் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, கொல்லைக்குப் போய் வாழையடியில் துப்பினேன்.

முதல் நாள் ஜோராக இருந்தது. பிறகு ஒரு காலையில், குளிக்கத் தண்ணீர் மொள்ளக் குனிந்தவன் நிமிர முடியாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். தலை சுற்றியது. வயிற்றைப் புரட்டியது. செத்துப்போவேனோ என்று பயந்தேன். அதைவிட, சாரதாவிடம் தோற்றுப்போவேனோ என்று அதிகம் பயந்தேன்.

அவள் அன்று மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்ப வெகுநேரமாயிற்று. வந்து சமையலறைக்குள் நுழைந்ததும் நான் நழுவி வேலியோரம் போனேன். பக்கத்து வீட்டு மீனாச்சி அக்கா மலாக்கா செட்டி. பெயரும் சாமியும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். அவர் அரைக்கும் ஜாமு, அதாவது மூலிகைக் கஷாயம், வட்டாரத்தில் பேர்போனது. எங்கள் மலாய்ப் பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"அக்கா, எனக்கு ஜாமு வேணும். என் சம்சாரத்துக்குத் தெரியக்கூடாது."

"கிராணிக்கு என்ன செய்யுது?"

"இங்கிலீஷ் மருந்தை விட்டுட்டேன். தலை சுத்துது."

என்னைப் பார்த்தார். எங்கள் சமையலறை ஜன்னலையும் பார்த்தார். "இப்படி உட்காருங்க. இஞ்சி இல்லை, உங்க வீட்டுல வாங்கிட்டு வர்றேன்" என்று போனார். எனக்குத் தரும் மருந்துக்கு என் வீட்டு இஞ்சியா என்று நினைத்துக்கொண்டேன்.

ஜாமு எட்டிக்காயாகக் கசந்தது. மாலைக்குள் தலைசுற்றல் அடங்கிவிட்டது. மறுநாளும் குடித்தேன், எழுந்து உலாவினேன்.

"மருந்துன்னா இதுதான் அக்கா. எப்போ நிறுத்தலாம்?"

"ஜாமுவைச் சட்டுனு நிறுத்தக்கூடாது. சிக்கிட் சிக்கிட்" என்று விரல்நுனியைக் காட்டினார். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். இல்லேன்னா உடம்பு கோவிச்சுக்கும்."

"எனக்குத் தெரியாதா? எதுக்கும் நிதானம் வேணும்" என்றேன்.

மாதங்கள் போயின. கசப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது தானாகவே கூடி, காய்ச்சல் விட்டதும் பழையபடி இறங்கியது. என்ன கைப்பக்குவம் என்று வியந்தேன். பொங்கல் தாண்டிக் கன்னம் வடிந்து, கண்ணாடியில் பழைய கருணாகரன் தெரிந்தான். காண்கிறவர்களிடமெல்லாம் ஜாமுவின் பெருமையைப் பேசினேன். அவர்களும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் சாரதாவிடமும் உண்மையை உடைத்தேன்.

"அப்படியாங்க?" என்று கண்ணை அகல விரித்தாள். "இதை டாக்டர்கிட்டயே சொல்லிடுங்க."

சொல்லத்தான் போனோம்.

"டாக்டர், உங்க மாத்திரை என் தொண்டையில் இறங்கி மாசக்கணக்காச்சு. எல்லாம் ஜாமு."

"எப்படிக் குறைச்சீங்க?"

"சிக்கிட் சிக்கிட்."

"காய்ச்சல் வந்தப்போ?"

"கூட்டிக் குடிச்சேன்."

"ரொம்பச் சரி. நான் சொன்னபடியே செஞ்சிருக்கீங்க."

"நீங்க எங்கே சொன்னீங்க?"

"உங்ககிட்ட சொல்லலை, வீட்டம்மாகிட்ட சொன்னேன். மாத்திரையைப் பொடி பண்ணி ஜாமுல கலந்தது யாருங்கிறீங்க?"

"அப்போ நான் துப்பினது?" என்று சாரதாவைக் கேட்டேன்.

"மொதல்ல துப்பினது நிஜ மாத்திரை. வாழையடியில வெள்ளையாக் கெடந்துச்சு. அப்புறம் நான் கொடுத்ததெல்லாம் அஜீரண மாத்திரைங்க." அவள் குரல் இறங்கியது. "அன்னிக்கு நீங்க தொட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்துட்டேன். எனக்குக் கைகாலே ஓடலை. நேரே இங்கேதான் ஓடி வந்தேன். அக்கா இஞ்சின்னு கேட்டு வந்தப்போ பொடியைக் கொடுத்தனுப்பினேன். சொன்னா நீங்க இன்னும் முறுக்கிக்குவீங்களே."

கோபப்பட்டிருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை மாதம் என்னை ஜெயித்தவனாக நடமாட விட்டு, பயத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். ஆனாலும் ஆண்பிள்ளை, மானம் என்று ஒன்று இருக்கிறதே. வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னேன்.

"சாரதா, இந்தச் சங்கதி நமக்குள்ளேயே இருக்கட்டும். காஜா பெராங்கில ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

அவள் ரிக்‌ஷாவைக் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"அங்கே இதுவரைக்கும் தெரியாம இருந்தது உங்க ஒருத்தருக்குத்தாங்க."