ஐந்நூற்று எழுபத்தாறு கறுப்புக் கட்டங்களும் ஒரு பொட்டும்

எழுத உட்கார்ந்ததற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பலசரக்குச் சீட்டும், மகளுக்குக் கொடுத்துவிட்ட லீவு லெட்டரும்தான். நாலு பேர் நிற்கும் இடத்தில் புதூர் பஸ் போய்விட்டதா என்று கேட்கக் கூச்சப்பட்டு மூன்று பஸ்ஸைத் தவறவிட்டவள், ஓவியக் கலையைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். ஆனால் ஒரு பெரிய ஓவியரின் எட்டு மாத உழைப்பை அரை நிமிஷத்தில் கெடுக்கிற வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது. அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பத்து வருஷம் குச்சி அடுக்கினேன். (எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். நானும் ஆபீஸுக்குப் போனவள்தான்.) அது மூடியபின் அதன் குடோனை ஓர் ஓவியர் வாடகைக்கு எடுத்தார். பெருக்கித் துடைக்க, வாயைத் திறக்காத ஆளாக ஒருத்தி வேண்டும் என்று கேட்டாராம். முதலாளி யோசிக்கவே இல்லை, என் பெயரைச் சொல்லிவிட்டார். செல்போன் பெரிய மனிதர்களிடம் மட்டும் இருந்த காலம் அது. எனக்கு இருபத்தெட்டு வயது.

அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சார் என்றே எழுதுகிறேன். எங்கள் பக்கத்து ஆள்தான். சென்னையில் ஓவியம் படித்து, பம்பாய், டெல்லி, வெளிநாடு என்று படங்கள் போய்வந்தபின் ஐம்பது வயதில் ஊர் திரும்பியவர். ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. (எங்கே கேட்டேன்!) படங்களை அனுப்பப் பெட்டி செய்ய வந்த சண்முகவேல் ஆசாரி கேட்டார்.

"இங்கன காத்து காஞ்ச காத்து அண்ணாச்சி. பெயின்ட் நினைச்ச நேரத்துக்குக் காயும்" என்றார் சார்.

தீப்பெட்டி காய்ந்த காற்றில் படமும் காய்ந்தது. படம் என்றால் சாமி, மலை, மயில் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வரைந்தது கட்டங்கள். கோடும் கட்டமும் தவிர வேறு எதுவும் கிடையாது.

"மொதல்ல மனுசனை விட்டேன். அப்புறம் மரத்தை விட்டேன். கடைசியா வளைஞ்ச கோட்டையும் விட்டாச்சு" என்று ஒருநாள் ஆசாரியிடம் சொன்னார்.

"இன்னும் எதை விடப் போறீங்க?"

"தெரியலையே" என்று சார் உண்மையாகவே கவலைப்பட்டார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் ஆசாரி என்னிடம் குனிந்தார். "ஏட்டி லட்சுமி, இதுக்கா டெல்லிக்காரன் ரயில் வச்சிக் கூப்பிடுதான்? நான் கட்டியிருக்க சாரத்தைக் குடுத்தா இதைவிட ரெண்டு கட்டம் கூடவே இருக்கும்."

நான் சிரிக்கவில்லை. அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். கோயிலில் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் நிற்கும்போது வருமே, அந்த மாதிரிப் பயம்.

முக்கியமாக அந்தக் கடைசிப் படம். ஆறடிக்கு ஆறடி. குறுக்கே இருபத்து நாலு, நெடுக்கே இருபத்து நாலு, மொத்தம் ஐந்நூற்று எழுபத்தாறு கட்டங்கள். எல்லாம் கறுப்பு. கறுப்பு டியூபை அவர் தொடவே இல்லை. நீலத்தையும் சிவப்பையும் பச்சையையும் கலந்து கலந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கறுப்பை உண்டாக்கினார். டேப் ஒட்டி, பூசி, காயவிட்டு, உரித்து, மறுபடி பூசி, ஒரு கட்டத்துக்குப் பதினோரு தடவை. ஒரு கட்டத்தை மாற்றினால் பக்கத்துக் கட்டம் கோபித்துக்கொள்ளும், அதைச் சமாதானம் பண்ண அதற்கு அடுத்ததை மாற்ற வேண்டும் என்பார். எட்டு மாதம் அந்தக் கோபங்களைத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பார்த்தால் சாத்திய கதவு மாதிரி இருக்கும். பெருக்குமாற்றோடு கொஞ்சம் நின்றால் ஒரு கட்டம் உள்ளே போகும், ஒன்று முன்னால் வரும், ஒன்று ஈரமாகத் தெரியும். பிறகு ஓட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பஸ் ஜன்னலில் பார்க்கிறேன், உழுத கரிசல் ஒரு கறுப்பு, உழாதது ஒரு கறுப்பு, வாய்க்கால் ஓரம் இன்னொரு கறுப்பு. பிறந்ததிலிருந்து மிதித்த மண். அதுவரை எனக்கு அது தெரியாது.

ஏழு படங்கள் டெல்லிக்குப் போக வேண்டும். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர் வைக்கும் கண்காட்சி. நுழைந்ததும் எதிரே தெரியும் சுவர் இந்தக் கறுப்புப் படத்துக்கு என்று எழுதி வாங்கியிருந்தார். விஜயதசமி அன்று சாயங்கால ரயில். அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. மிச்ச ஏற்பாட்டுக்காக அவர் அன்று விடிந்ததும் மதுரைக்குக் கிளம்பினார்.

நான் மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததைக் கேட்டேன். "சார், பூஜை போட்டுக்கிடவா?"

"போட்டுக்கோம்மா" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏறிவிட்டார்.

தரையைக் கழுவினேன். ஸ்கேல், மூலைமட்டம், தூரிகைகள், டேப் உருளைகள், பெயின்ட் டப்பாக்கள் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஆசாரியும் தன் உளி, சுத்தியலைக் கொண்டுவந்து ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் பழம் வாங்கப் போனார். எல்லாம் முடிந்து நிமிர்ந்தால் எதிரே அந்தப் படம். ஸ்டூலுக்கும் விளக்குமாற்றுக்கும் பொட்டு இருக்கிறது, அதற்கு இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தக் குடோனில் ஒரு பொருளைக் கும்பிட வேண்டும் என்றால் அதைத்தானே கும்பிட வேண்டும்? படத்தைத் தொடக்கூடாது என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார். பொட்டு வைக்கக்கூடாது என்று சொல்லவில்லையே!

சாதாரணமாக வைத்திருந்தாலும் பரவாயில்லை. நூல் பிடித்து வேலை செய்கிற மனிதரின் படத்துக்குக் குத்துமதிப்பாகப் பொட்டு வைப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. பூக்கட்டும் நூலை மூலைக்கு மூலை பிடித்து ஆணியில் கட்டி, இரண்டு நூலும் வெட்டும் இடத்தில் எட்டணா அகலத்துக்குச் சந்தனம் வைத்தேன். உதிர்ந்துவிடக் கூடாது என்று குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து அதன் நடுவில் வைத்தேன். நூலை அவிழ்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு திருத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

ஆசாரி பழச்சீப்போடு உள்ளே வந்து அப்படியே நின்றார்.

"ஏட்டி! படத்துக்குமா வச்ச?"

"ஏன் அண்ணாச்சி, அதுவும் தொழில்தான?"

"ஆயுதத்துக்குத்தாம்ட்டி பூசை. நான் உளிக்குப் பொட்டு வைக்கேன். செஞ்சு வித்த கட்டிலுக்கா போயி வைக்கேன்?"

ஈரத்துணியை எடுத்து ஓடி ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். எட்டணா அகலம் அப்பளம் அகலமாகிவிட்டது. பளபளப்பே இல்லாத அந்தக் கறுப்பு, எண்ணெயைக் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

"தொடாதட்டி! இப்பம் பொட்டு. இன்னொருக்கா தேச்சேன்னா சூரிய உதயம்" என்று ஆசாரி கத்தினார். பிறகு வாசலை எட்டிப்பார்த்து, "அவிய வந்தா என்ன சொல்லுவ?" என்றார்.

மூன்று வருஷத்தில் சாரிடம் மொத்தமே நூறு வார்த்தைதான் பேசியிருப்பேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சார் வந்தார். பையைக் கீழே வைக்காமலே படத்தைப் பார்த்தார். ஆசாரி, விலை கேட்க வந்தவர் மாதிரி வாழைப்பழத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். சார் கிட்டே போனார். தள்ளி வந்தார். மறுபடி கிட்டே போனார்.

"யாரு அளந்தது?"

திட்டு வரும் என்று காத்திருந்தவளுக்கு இது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "நாந்தான் சார். நூல் பிடிச்சு... மூலைக்கு மூலை."

அவர் ஸ்கேலை எடுக்கக் கை நீட்டினார். என் வாயிலிருந்து எப்படித்தான் வந்ததோ, "சார், அதை இன்னைக்கு எடுக்கக்கூடாது!" என்று கத்திவிட்டேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் கை அப்படியே நின்றது. "பிரஷ்?"

"அதுவும்தான் சார்."

"பெயின்ட்?"

"டப்பாவுக்கெல்லாம் வச்சாச்சு சார்."

"ஆக, எனக்கு மட்டும்தான் இன்னும் வைக்கலை."

அது கேலி என்று எனக்கு உறைக்கவில்லை. பயத்தில் குங்குமத் தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டிவிட்டேன். ஆசாரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். சார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு படத்தின் ஓரத்திலிருந்து சாண் சாணாகக் கையாலேயே அளந்தார். நாலு பக்கமும் அளந்தார்.

"மத்தி சரியா இருக்கு" என்றார்.

பொட்டு வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து, பொரிகடலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அந்தப் படத்தையே பார்த்தார். கையில் வேலை இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, "இங்கன நின்னு பாரு" என்றார். நின்றேன்.

"இந்தப் படத்துல மத்தின்னு ஒண்ணு இருக்கக்கூடாதுன்னுதான் எட்டு மாசம் பாடுபட்டேன். எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் கண்ணு அங்க நிக்காம அடுத்ததுக்குப் போயிரணும். இப்பப் பாரு."

பார்த்தேன். கண் பொட்டுக்குப் போனது. இழுத்து ஓரத்துக்குக் கொண்டுபோனேன், திரும்பவும் பொட்டுக்கே வந்தது. உள்ளே போன கட்டம், முன்னால் வந்த கட்டம், ஈரக் கட்டம் எதுவும் இல்லை. பொட்டைச் சுற்றி வெறும் கறுப்பு. நான் பெருக்குமாற்றோடு நின்று நின்று பார்த்தது என்ன என்று, அதைக் கெடுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அழுதுவிட்டேன்.

"நாலு கட்டத்தை மட்டும் மாத்த ஏலாதா சார்?" (என் வாயில் அன்று சனி.)

"பக்கத்துக் கட்டம் கோவிச்சுக்கிடுமே" என்றார் மெதுவாக. "மத்த ஆறும் போகட்டும்."

கதையாக இருந்தால், அந்தப் பொட்டைப் பார்த்து டெல்லிக்காரர்கள் ஆகா என்று மெச்சியிருப்பார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அங்கே எதிர்ச் சுவர் வெறும் சுவராகத்தான் இருந்ததாம். அவர் அந்தப் படத்தை முதல் கட்டத்திலிருந்து மறுபடி செய்தார், இந்தத் தடவை ஒன்பது மாதம். அது இப்போது கடல் தாண்டி ஏதோ ஒரு மியூசியத்தில் இருக்கிறது. பொட்டு வைத்தது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது, குடோனைக் காலி செய்தபோது அவரே கொடுத்தார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, "இது எந்த ஊர்ச் சாமி?" என்று கேட்டார்கள்.

எங்கள் வீட்டில் இன்றும் நான் இலையில் ஊறுகாய் வைத்தால் என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, "மத்தி சரியா இருக்கு" என்பார். மகள் கல்யாணத்தில் அவள் நெற்றியில் பொட்டு வைக்கக் கையைத் தூக்குகிறேன், மணமேடையில் இருந்துகொண்டே, "அம்மா, நூல் கொண்டாரச் சொல்லவா?" என்றாள். ஐயர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். (அவருக்கு யார் சொன்னது என்று இதுவரை தெரியவில்லை.)

அந்த ஆயுத பூஜை அன்று சாயங்காலம் சார் என்னிடம் வேறொன்றும் சொல்லவில்லை. நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி முழுக்க என் வீட்டுக்காரரிடம், "வேலை போச்சு" என்று புலம்பினேன்.

மறுநாள் விஜயதசமி. வழக்கம்போல எட்டு மணிக்குப் போனேன். சூடம் காட்டி ஆயுதங்களை எடுத்தோம். ஆசாரி ஆறு பெட்டிகளுக்கும் ஆணி அடித்தார். பத்து மணிக்குச் சார் ஆறடிக்கு ஆறடி புது மரச்சட்டம் ஒன்றைத் தரையில் போட்டு, "லட்சுமி, அந்த நூலை எடுத்துட்டு வா" என்றார். மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தோம். ஒரு பக்கம் கால் அங்குலம் கூடுதலாக இருந்தது. ஆசாரி சரிசெய்தார்.