வெறும் வயிற்றில் வரவும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் பசியோடு இருந்தது. இதில் புதுமை ஒன்றுமில்லை. அந்தக் காட்டில் ரத்தப் பரிசோதனை லேப் ஒன்று திறந்திருந்தார்கள், அதுதான் புதுமை.

அன்றைய மதியச் சாப்பாட்டுக்கு அகப்பட்ட முயலின் பெயர் தணிகாசலம். கழுத்தில் பல் படப்போகிற நேரத்தில் அவனுக்கு மூளை வேலை செய்தது.

"மகாராஜா, போன வாரம் எனக்குக் காய்ச்சல். டெஸ்ட் எடுக்காம சாப்பிட்டு உங்களுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா என்ன பண்றது?"

சிங்கத்துக்கு உயிர்மேல் கொள்ளை ஆசை. "சரி, எடுத்துட்டு வா" என்றது.

லேபை நடத்தியவர் டாக்டர் பூநாரை. வருஷா வருஷம் வெளிநாடு போய்வருகிற பறவை என்பதால் அவர் பேச்சுக்குக் காட்டில் மறுபேச்சு கிடையாது. ரத்தம் எடுக்கக் கோமளா என்ற கொசுவை வேலைக்கு வைத்திருந்தார். கடித்து, உறிஞ்சி, லேபுக்குப் பறந்துவந்து டியூபில் துப்புவாள். ஊசிச் செலவு மிச்சம்.

"வெறும் வயித்துலதானே இருக்கீங்க?" என்று முயலிடம் கேட்டாள். அது லேபின் சட்டம்.

"இருக்கிற பயத்துல நேத்து சாப்பிட்டதுகூட இல்லாமப் போச்சும்மா."

கோமளாவோ வழக்கம்போல் சிங்கத்தின் காதுக்குப் பின்னால் காலைச் சாப்பாட்டை வயிறு முட்ட முடித்திருந்தாள். அதை யாரும் கேட்கவில்லை. சட்டத்தில் அது இல்லை.

டெஸ்ட் என்னவோ காய்ச்சலுக்குத்தான். ஆனால் டாக்டரிடம் புது டி.என்.ஏ. மெஷின் இருந்தது. புது மெஷின் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? போட்டு ஓட்டினார். ரிப்போர்ட் வந்தது: முயல் தணிகாசலம், பாதிக்கு மேல் சிங்கம்.

சிங்கம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. கண் கலங்கியது. "தம்பி! இத்தனை நாளா எங்கடா இருந்தே?" என்று கட்டிக்கொண்டது. தணிகாசலத்துக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

செய்தி பரவியது. மறுநாள் லேப் வாசலில் மானும் பன்றியும் காட்டெருமையும் முண்டியடித்தன. எல்லோரும் வெறும் வயிறு. எல்லோரும் சிங்கம். ஆமைகூட, ஓட்டைத் தவிர, சிங்கம்.

டாக்டருக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. கோமளாவைக் குட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து துப்பச் சொல்லி, அதையும் ஓட்டிப் பார்த்தார்.

குட்டையும் சிங்கம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பதறிப்போய்க் குகைக்கு ஓடினார். பாவம், சிங்கம் விலா எலும்பு தெரியப் படுத்துக் கிடந்தது. சுற்றிலும் தம்பி தங்கைகள்.

"பசி தாங்கலை டாக்டர். காட்டுல எனக்குச் சொந்தமில்லாதவங்க யாராவது மிச்சம் இருக்காங்களா?" தலையைத் தூக்கி அவரை மேலும் கீழும் பார்த்தது. "ஆமா, நீங்க டெஸ்ட் எடுத்துக்கிட்டீங்களா?"

டாக்டர் சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினார். "நேத்தே எடுத்தாச்சு... அண்ணா."

"அப்ப யாருதான் பாக்கி?"

அத்தனை பேரும் சிங்கத்தின் காதுப் பக்கம் பார்த்தார்கள். கோமளா அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தன்னைத் தானே கடித்துக்கொள்ள முடியாததால் அவள் ஒருத்திக்குத்தான் ரிப்போர்ட் இல்லை.

"டாக்டர், நீங்களாவது சொல்லுங்க! என் வயித்துல இருக்கிறது..."

டாக்டர் காலை மாற்றி நின்றுகொண்டார்.

பட்டென்று ஓர் அறை.

சிங்கம் கையைத் திருப்பிப் பார்த்தது. சிவப்பாக ஒரு பொட்டு. நக்கியது. "என்னமோ பழகின ருசியா இருக்கே. யாரோட ரத்தம் இது?"

"கண்டுபிடிச்சிடலாம் அண்ணா" என்றார் டாக்டர். "என்ன, ரத்தம் எடுக்கத்தான் இப்ப ஆளில்லை."

தணிகாசலம் அண்ணன் பக்கமாக ஒரு கட்டுப் புல்லைப் பாசத்தோடு நகர்த்தி வைத்தான்.

நீதி: ரத்தம் கொடுக்கிறவர் வெறும் வயிற்றில் வந்தால் போதும். எடுக்கிறவர் சாப்பிட்டாரா என்று கேட்கப் போனால், சொந்தபந்தம் குறைந்துவிடும்.