துலுக்காத கிடாவும் நான் கொடுத்த மோரும்

அரைகுறையாகப் படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். நான் திறந்துவிட்டேன். அதுவும் குலதெய்வக் கோயிலில், அக்காவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் வீட்டார் எல்லோரும் கூடியிருந்தபோது.

எண்பதுகளின் நடுவில் சேலத்தில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் ஆண் எலிகளுக்குப் பப்பாளி விதைச் சாற்றைக் கொடுத்து, அவற்றின் இனப்பெருக்கத் திறன் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எலிக்கூண்டைக் கழுவுவது என் வேலை. (வீட்டில் ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லியிருந்தேன்.)

விடுமுறைக்கு, மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தேன். வீட்டில் ஒரு கிடா இருந்தது. அக்கா கல்யாணம் கூடிவந்தால் வெட்டுவதாக அப்பா நேர்ந்துவிட்டது. சாமிக்கு விட்ட கிடாவைக் காயடிக்கக் கூடாது, கட்டிப் போடவும் கூடாது. இரண்டு சலுகையையும் அது முழுமையாக அனுபவித்தது. எந்தப் பட்டியில் பெட்டையாடு இருந்தாலும் அங்கே போய் நிற்கும். ஒரு காது மட்டும் வெள்ளை என்பதால், வந்தது எங்கள் கிடா இல்லை என்று சாதிக்கவும் வழியில்லை.

"எங்க ஆடு இன்னும் குட்டிங்க. ஒடம்பு தாங்காது. உங்க கெடாவுக்கு யாரு சொல்றது?" என்று பக்கத்து வீட்டு முனியம்மா அடிக்கடி அப்பாவிடம் சண்டைக்கு வருவாள். அவளைப் போல இன்னும் நாலு பேர்.

நான் சொல்கிறேன் என்று முடிவெடுத்தேன். பப்பாளி விதையைக் காயவைத்து, இடித்து, கொதிக்கவைத்து வடிகட்டி, காலையில் கிடாவின் கழுநீரில் கலந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கிடாவுக்குள் என்ன நடக்கிறது என்று எப்படி அளப்பது? ஒரு நோட்டுப் போட்டு, வருகிற புகார்களை எண்ணினேன். முதல் வாரம் ஒன்பது. இரண்டாம் வாரம் நான்கு. மூன்றாம் வாரம் ஒன்றுமே இல்லை. பேராசிரியரை மிஞ்சிவிட்டேன் என்று அன்றைக்கு இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டேன்.

கோயில் நாள் வந்தது. பொம்மிடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் டெம்போவில் வந்து இறங்கினார்கள். பூசாரி கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். கிடா உடம்பை உதறித் துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துலுக்கவில்லை. இரண்டாம் முறை ஊற்றினார். யாரோ குளிப்பாட்டுகிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு நின்றது. மூன்றாவது குடமும் தீர்ந்தது.

மாப்பிள்ளையின் அம்மா, "என்னாங்க, சாமிக்கே புடிக்கலையா இந்தச் சம்மந்தம்?" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா மண்ணில் விழுந்து, "தப்பு ஏதாச்சும் இருந்தா காட்டிக்குடு தாயே" என்றார். ஆண் தன்மை போய்க் கிடா மந்தமாகிவிட்டது, அக்காவின் கல்யாணம் என்னால் நிற்கப்போகிறது என்று நினைத்து அப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, தப்பு என்னுதுதாங்க. கெடாவுக்கு நான் பப்பாளி வெதச் சாறு குடுத்தேன்."

"எதுக்குடா?"

வயிற்றுப் பூச்சிக்கு என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேர் அதற்குக் கொடுக்கிறார்கள்தான். (இந்தப் பதில் எனக்கு மறுநாள் தோன்றியது.) நானோ ஆண் விலங்கு, விந்தணு, எண்ணிக்கை, வீரியம் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். பம்பை அடித்தவர் கையை நிறுத்திவிட்டார்.

அப்போது கிடா துலுக்கியது. கொம்பிலிருந்து குளம்பு வரை உதறியதில் மஞ்சள் தண்ணீர் சம்பந்தியம்மாவின் பட்டுச்சேலை முழுக்கத் தெறித்தது.

"சாமி ஒத்துக்கிச்சு. பையன் வாயத் தொறக்கட்டும்னுதான் நின்னுருக்கு" என்றார் பூசாரி.

எல்லோருக்கும் உயிர் வந்தது. சேலையைத் துடைத்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார். "போன வாரம் எம்பையன் உங்க வூட்டுக்கு வந்தப்ப, மோரு குடுத்தது யாருங்க?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான்தான் கொடுத்திருந்தேன்.

கல்யாணம் நடந்தது. சில மாதத்தில் முனியம்மாவின் ஆடு இரண்டு குட்டி போட்டது. இரண்டுக்கும் ஒரு காது வெள்ளை. அப்படியானால் புகார் ஏன் நின்றது என்று அவளிடமே கேட்டேன். "உங்கப்பாருதான் வூடு வூடா வந்து, கல்யாணம் முடியற வரைக்கும் சண்டைக்கு வராதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு" என்றாள். என் சாறு ஒன்றுமே செய்யவில்லை. பொம்மிடிக்கு ஓடிப்போய் இதைச் சாட்சியாகச் சொன்னேன். "கெடாவுக்கு ஆச்சு, சரி" என்றார் சம்பந்தியம்மா.

ஏனென்றால் அக்காவுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வருடம் போனது, இரண்டு போனது. ஒருநாள் அக்கா என்னைத் தனியாக அழைத்து, "நெசமா சொல்லுடா. அந்த மோர்ல ஒன்னும் கலக்கலதானே?" என்று கேட்டாள். அவள் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்றாம் வருடம் அவளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரையும் விட அதிகமாக அழுதவன் நான்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது கொடுத்தாலும் அக்கா வீட்டுக்காரரான மாமா தம்ளரை என் பக்கம் தள்ளி, "மொதல்ல நீ குடி மாப்ள" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டுக் குடிப்பேன்.

என் மகள் இப்போது ஆராய்ச்சி மாணவி. போன மாதம் மாமா வந்திருந்தபோது அவளும் லீவில் வந்தாள். தலைப்புக் கிடைத்துவிட்டதாம். "ஏதோ வெதச் சாறுப்பா. ஆண் எலிக்குக் குடுத்துப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு தம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

மாமா வழக்கம்போலத் தன் தம்ளரை என் பக்கம் தள்ளினார். நான் இரண்டையும் சேர்த்து மகள் பக்கம் தள்ளினேன்.

"மொதல்ல நீ குடிம்மா."