செம்பட்டி ரோட்டில் பிடித்த பன்னிரண்டு ஓணான்

இந்த வருஷம் நத்தம் பயணம் கிடையாது என்று முகமது பாரூக் தீர்மானித்துவிட்டார். மாம்பழ சீசன் முடிவதற்குள் நத்தத்தில் அத்தா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவாள் மனைவி நஜ்முன்னிசா. அந்தப் பத்து நாள் எந்த வருஷமும் ஒரு மாசத்துக்குக் குறைந்ததில்லை. அந்த மாசம் முழுக்க ஓட்டல் சாம்பாரில் அவர் வயிறு படும் பாடு சொல்லி மாளாது.

தீர்மானிப்பது சுலபம். அவளிடம் சொல்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும். அதை அவருக்குக் கொடுத்தது ஓணான்.

பாரூக் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேப் அட்டெண்டர். திங்கட்கிழமை வகுப்புக்கு ஆறு ஆண், ஆறு பெண் ஓணான் கேட்டிருந்தார் புரொபசர். போன தடவை பாரூக் ஆணையும் பெண்ணையும் மாற்றி வைத்து, மாணவர்கள் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுபடி தப்பு நடந்தால் லேப் சாவி தோட்டக்காரர் கஸ்பார் கைக்குப் போய்விடும்.

ஞாயிறு முழுக்கச் செம்பட்டி ரோட்டு வேலிகளில் ஈர்க்குச்சிச் சுருக்கோடு அலைந்தார். அடேயப்பா, ஆண் ஓணான் நின்ற நிற்பு! தொண்டை ரத்தச் சிவப்பு. முதுகில் ராஜ கம்பீரமாக முள்வரிசை. பக்கத்தில் பெண், மண் நிறத்தில் ஒல்லியாக. இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"நஜ்மு, ஆண்டவன் ஆணைத்தான் பெருசாப் படைச்சிருக்கான். தலை பெருசு, தாடை பெருசு. பெரிய தலை சொல்றதத்தான் வீடு கேக்கணும். இந்த வருசம் நத்தம் கெடையாது."

"சரி மச்சான்" என்றாள். இத்தனை சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. "அந்தப் பெரிய தலையச் செத்தக் காட்டுங்க."

பாரூக் துணியை விலக்கினார். உள்ளே பன்னிரண்டும் மண் நிறத்தில் கிடந்தன.

"செவப்பு எங்க மச்சான்?"

"காலைல இருந்துச்சே..."

கையை விட்டு ஒன்றை எடுத்தார். அது கட்டைவிரலைக் கவ்வியது.

"இந்தக் கடி கடிக்குதுன்னா ஆணுதான்."

"பொண்ணு" என்றாள் நஜ்முன்னிசா.

பாரூக்கின் கண்ணுக்குள் கஸ்பார் லேப் சாவியை ஆட்டிக்கொண்டு நடந்து போனார்.

"நான் பிரிச்சுத் தாரேன். நாளைக்கு நத்தம் பஸ் ஏத்தி விடுங்க."

"பத்தே நாளு."

"பத்தே நாளு."

மாந்தோப்புக்குள் பிறந்து வளர்ந்தவள். ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். "கன்னம் உப்பியிருக்கு பாருங்க. வாலு ஆரம்பிக்கிற எடம் தடிச்சிருக்கு. இது ஆணு. இதுக்குத் தலை சிறுசு. ஆனா முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல எம்புட்டு நீளம் பாருங்க."

"அது எதுக்கு?"

"முட்டைக்கு எடம் வேணாமா? அவன் சண்டைக்கு நிக்கிறவன், அவனுக்கு ஆண்டவன் தாடையில குடுத்தான். இவளுக்கு வயித்துல குடுத்தான்."

பாரூக் ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்தார். அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. நாலு வருஷமாக லேப் வாசலில் நின்று கேட்ட பாடம்தான். இன்றைக்குத்தான் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு சாண் உயிர், வேலியில் யாரும் திரும்பிப் பார்க்காதது. அதற்குக்கூட யாருக்கு எது வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறானே! ஓணானைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எதைப் பார்த்து அதிகம் வியப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு கூடையில் ஆறு ஆறாகப் பிரித்துவிட்டு அவள் பெட்டியில் துணி அடுக்க உட்கார்ந்தாள். பத்து நாளைக்கு எதற்குப் பதினெட்டுச் சேலை என்று கேட்க வாயெடுத்த பாரூக், வேறு கேள்வி கேட்டார்.

"செவப்பு போயிரும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"புடிச்சு அடைச்சுட்டா ஆணுக்கு அந்தச் செவப்பெல்லாம் நிக்காது மச்சான்" என்றாள் பத்தொன்பதாவது சேலையை மடித்தபடி. "நிக்காஹ் முடிஞ்ச வாரமே பாத்துட்டேன்."