மீதிக்கதையின் எம்.பி.ஏ. விண்ணப்பம்

எண்பதுகளின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் யாருக்காவது இரத்தக் கொதிப்பு இருந்தது என்றால், அதற்கு உப்பு காரணமில்லை, மீதிக்கதை என்ற மனிதர்தான் காரணம். டாக்டர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் அதை நானே டைப் அடித்தேன், இருந்தும் மறந்துவிட்டது. பஜாரை ஒட்டிய சினிமா கொட்டகைக்கு விளம்பரம் செய்பவர் அவர். ஜீப்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ரோஸ் நிற நோட்டீஸ்களை வீசியபடி, புதுப்படத்தின் கதையைத் தமிழிலும் மலையாளத்திலுமாகச் சொல்லிக்கொண்டு போவார். கதாநாயகி கிணற்று விளிம்பில் ஏறி நிற்கும்போது சட்டென்று நிறுத்தி, "மீதிக்கதை வெள்ளித்திரையில்!" என்பார். தொழிலில் அது நியாயம்தான். ஆனால் அந்த மனிதர் அதைத் தொழிலோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

நான் அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் உள்ளே வந்தவர், குரலைத் தாழ்த்தி, "சாரே, உங்க வீட்டு வழியாத்தான் வர்றேன். வாசல்ல ஒரே ஆள்கூட்டம். உங்க வீட்டுக்காரி நடுவுல நின்னு கண்ணைத் துடைச்சிட்டிருக்காங்க" என்றார்.

"ஐயோ, என்ன சேட்டா ஆச்சு?"

"ஒரு சாயா சொல்லுங்க, மூச்சு வாங்குது."

சாயா சொல்லவில்லை. செருப்பையும் மறந்து ஓடினேன். வீட்டுக்கு எதிரே சரக்குக் கோடவுனில் மிளகாய் மூட்டை ஒன்று கிழிந்திருந்தது. தெருவில் இருந்த அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால், என் நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருக்கிறார். "மிளகாயின்னு முதல்லயே சொன்னா ஓடியிருப்பீங்களா?" என்றார். இந்த ஆளை என்ன செய்வது?

அப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு நாள் எம்.பி.ஏ. ஆசை வந்தது. கொட்டகை முதலாளி தன் மருமகனை மேனேஜராகக் கொண்டுவந்து மின்விசிறி போட்ட அறையில் உட்கார வைத்திருந்தார். மருமகன் எம்.பி.ஏ. முதல் நாளே இவரைக் கூப்பிட்டு, "ஜனங்களுக்குப் படம் பார்க்கணும்ங்கற தேவையை நாம உண்டாக்கணும்" என்று பாடம் எடுத்தாராம்.

"பதினோரு வருஷமா வெயில்ல நின்னு நான் கத்தறது பின்னே என்ன சாரே?" என்று என்னிடம் வந்து குமுறினார். "இதுக்கு ஒரு படிப்பு உண்டுன்னா, அதைப் படிச்சிட்டுத்தான் மறுவேலை."

தபாலில் படித்து வாங்கிய பி.ஏ. பட்டம் கையில் இருந்தது. பம்பாயில் ஒரு கல்லூரி. இரண்டு வருடப் படிப்பு, ஹாஸ்டல் வாசம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவருக்கு முப்பத்துநாலு முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இந்தத் தடவை விட்டால் ஆயுசுக்கும் ஜீப்தான்.

விண்ணப்பத்தை நிரப்ப நாலு நாள் பிடித்தது. 'தொழில்துறை அனுபவம்' என்ற இடத்தில் முதல் சண்டை.

"தொழில்துறைன்னா ஃபாக்டரி, கம்பெனி" என்றேன்.

"சினிமா இண்டஸ்ட்ரின்னு பேப்பர்லயே போடறான். அடிங்க சாரே!"

அடித்தேன். அடுத்தது, 'உங்களுக்குக் கீழே பணிபுரிவோர் எத்தனை?'

"மூணு. ஜீப் ஓட்டற சேட்டன், போஸ்டர் ஒட்டற ஆள், அப்புறம் ஒட்டின போஸ்டரைத் தின்ன வர்ற ஆடு."

"ஆட்டை எப்படிச் சேட்டா எழுதறது?"

"அதையும் நான்தானே கட்டி மேய்க்கறேன்!"

இரண்டு என்று அடித்தேன். அரை நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு வந்தது கட்டுரை. 'நிர்வாகவியல் படிக்க விரும்புவது ஏன்?' அவர் எழுதிக் கொடுத்ததை ஆங்கிலப்படுத்துவது என் தலையில் விழுந்தது. ஏழைக் குடும்பம், ஜீப், மைக், தொண்டை வறண்ட பதினோரு வருடம், அவமதித்த மருமகன் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். 'அன்று மாலை அவன் ஒரு முடிவுக்கு வந்தான். அது என்ன? மீதிக்கதை நேர்முகத் தேர்வில்!'

"இதை நான் அடிக்க மாட்டேன். கிழிச்சுக் குப்பையில போடுவாங்க."

"பேடிக்காதீங்க சாரே, பயமே வேண்டாம். கூப்பிடுவாங்க."

கூப்பிட்டார்கள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

பேட்டி எர்ணாகுளத்தில். துணைக்கு நான் வந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இன்ஸ்டிடியூட்டைப் பூட்டிவிட்டு போட் ஏறினேன். நாடகக்காரர்களிடம் இரவல் வாங்கிய வில்லன் கோட்டைப் போட்டிருந்தார். மார்பில் குண்டு பாய்ந்த ஓட்டை. அதை மறைக்க ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றார். ஃபைலில் இருக்க வேண்டிய அனுபவச் சான்றிதழ் மட்டும் இல்லை. "நீ போயிட்டா யாரு கத்தறது?" என்று முதலாளி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. "டைப்பிஸ்ட் சார் யாரு? உங்களைக் கூப்பிடறாங்க" என்றார் பியூன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, நடுவில் இருந்தவர் என்னிடம், "சான்றிதழ் இல்லை, சாட்சி இருக்கிறார் என்கிறார். இவருடைய வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியுமாவா?" என்று ஆரம்பித்தேன். "போன மாதம் ஒரு படம் சார். மூணே நாள்ல கொட்டகை காலி. மோசமான படம்னு ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். இவர் ஜீப்ல வந்து, 'நாயகி அந்தப் பூட்டிய கதவைத் திறந்தாள், உள்ளே யார்?'னு கேட்டுட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் என்னால வேலை பார்க்க முடியலை. போனேன். உள்ளே பால்காரன் சார்! வெறும் பால்காரன்!"

ஓரத்தில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மறுநாள் வந்து, 'கதவைப் பார்த்தீர்கள், ஜன்னலைப் பார்த்தீர்களா?'ன்னார். ஊரே திரும்பப் போச்சு. நானும் போனேன். கொட்டகையில நிக்க இடமில்லை."

"ஜன்னலில் என்ன இருந்தது?" என்றார் நடுவில் இருந்தவர், முன்னால் சாய்ந்து.

"திரைச்சீலை சார்! இந்த மனுஷனால ஊர்ல ஒருத்தருக்கும் நிம்மதி இல்லை. இவரைப் படிக்க வேற வச்சீங்கன்னா நாடு தாங்காது!"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கோபத்தோடு வெளியே வந்தேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்துவிட்டது. இடம் கிடைத்துவிட்டது. கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர், மாணவர்கள் எல்லாரும் பார்க்க என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க உள்ளே என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொன்னீங்க. அதான் சாரே, அதான்" என்றார். கண் கலங்கியிருந்தது. அன்று தெருவில் மிளகாய் மூட்டை எதுவும் கிழியவில்லை.

நான் தலையை ஆட்டினேன். நல்லதாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? உள்ளே நான் கத்தியதில் பாதி கோபம். மீதிப் பாதி, இவருக்கு இடம் கிடைக்கக் கூடாது என்ற கெட்ட எண்ணம். முப்பத்துநாலு வயதில் ஒரு மனிதருக்கு வந்த ஒரே வாய்ப்பைக் கெடுக்கப் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அவர் பம்பாய்க்குப் போய்விட்டால் என்னிடம் வம்பு வளர்க்க அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.